காலி அலமாரியை நிரப்பியவர்

1950களின் நடுப்பகுதி. ஹவானா நகரில், பதினேழு வயதை எட்டிக்கொண்டிருந்த ஒரு பையன் மனதுக்குள் ஒரு பட்டியல் போட்டான். அவன் வாசித்த வாத்தியம் கிட்டார். பட்டியலில் இருந்தவை எல்லாம் அந்த வாத்தியத்துக்கு வாய்க்காதவை. கிளாரினெட்டோடு நான்கு தந்தி வாத்தியங்கள் சேர்ந்து வாசிக்கும்படி பிராம்ஸ் ஓர் அருமையான படைப்பு எழுதியிருக்கிறார். கிட்டாருக்கு அப்படி ஒன்று இல்லை. ஸ்ட்ராவின்ஸ்கியின் 'படைவீரன் கதை'யில் வயலின் உண்டு, கார்னெட் உண்டு, பஸ்ஸூன் உண்டு, கிட்டார் கிடையாது. பார்டோக் ஆறு க்வார்டெட்டுகள் எழுதினார். கிட்டாருக்கு ஒரு சொனாட்டாகூட எழுதாமலேயே காலமாகிவிட்டார். பியானோக்காரனுக்கும் வயலின்காரனுக்கும் அலமாரி நிறைய இசை இருக்க, கிட்டார்க்காரனின் அலமாரியில் பாதித் தட்டுகள் காலி. எழுதவேண்டியவர்கள் எழுதாமல் போனால் நாமே எழுதிவிடுவோம் என்று பையன் முடிவெடுத்தான்.

பின்னாளில் பேட்டிகளில் இதைச் சொல்லும்போதெல்லாம், இளமையும் அறியாமையும் தந்த துணிச்சல் அது என்று அவர் சேர்த்துச் சொல்வதுண்டு. இருக்கலாம். ஆனால் அந்தத் துணிச்சல் அறுபது ஆண்டுகளுக்கு மேல் தணியவில்லை. தனிக் கிட்டாருக்கான படைப்புகள், கிட்டாரும் ஆர்கெஸ்ட்ராவும் சேர்ந்த பத்துக்கு மேற்பட்ட கன்செர்ட்டோக்கள், அறுபதுக்கு மேற்பட்ட திரைப்படங்களுக்குப் பின்னணி இசை, தந்தி க்வார்டெட்டுகள், நாட்டார் மெட்டுகளின் மறு ஆக்கங்கள், பீட்டில்ஸ் பாடல்கள், இவற்றோடு நடத்துனர் வேலையும் ஆசிரியர் வேலையும். அவர்தான் லியோ ப்ரோவர். 1939 மார்ச் 1 அன்று ஹவானாவில் பிறந்த கியூபாக்காரர்.

இத்தனை பக்கம் கால் வைத்த ஒருவரைப் பற்றி எழுதும்போது, பல அவதாரம் எடுத்தவர் என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம். எனக்கு அது சரியாகப் படவில்லை. செவ்வியல், நாட்டார், சினிமா, நவீனம், பாப் என்று கடைக்காரர்கள் ஒட்டும் சீட்டுகள் அவருக்கு ஒருபோதும் பொருட்டாக இருந்ததில்லை. பையன் போட்ட அந்தப் பட்டியலில் எந்த இடம் காலியாகத் தெரிந்ததோ, அங்கே கைக்குக் கிடைத்த நல்ல மரத்தைக் கொண்டு ஒரு தட்டு அடித்தார். ஆயுள் முழுக்க அவர் பார்த்தது இந்த ஒரே வேலைதான் என்பது என் எண்ணம்.

வீட்டுக்குள் இருந்த இசை

கைக்குக் கிடைத்த மரம் என்றேன். அது அவருடைய வீட்டிலிருந்தே தொடங்குகிறது. தாய்வழிப் பாட்டி எர்னெஸ்தினா லெக்குவோனா பியானோக் கலைஞர், பாடல்கள் இயற்றியவர். பாட்டியின் தம்பி எர்னெஸ்தோ லெக்குவோனா கியூபாவின் மிகப் புகழ்பெற்ற இசையமைப்பாளர்களில் ஒருவர். 'மலகேன்யா', 'சிபோனெய்' ஆகிய மெட்டுகள் வழியாக உலகம் அவரை அறிந்தது. அதே குடும்பத்தின் மார்கரிட்டா லெக்குவோனா இயற்றியதுதான் 'பாபலூ' என்ற பாட்டு. தந்தை மருத்துவர், ஓய்வு நேரத்தில் கிட்டார் வாசிப்பவர். வில்லா-லோபோஸ், தாரெகா ஆகியோரின் மெட்டுகளை மகன் முதலில் தந்தையிடமிருந்து காதால் கேட்டுத்தான் பிடித்தான்.

பதின்மூன்று வயதில் ஃப்ளமெங்கோ பைத்தியம் பிடித்திருந்தது. அப்போதுதான் ஐசக் நிக்கோலா என்ற ஆசிரியர் வாய்த்தார். மேற்கத்திய இசையில் குரு பரம்பரை என்று பேசுவது குறைவு. கிட்டாரில் அது உண்டு. 19ஆம் நூற்றாண்டு ஸ்பெயினின் பிரான்சிஸ்கோ தாரெகா. அவரிடம் கற்றவர் எமிலியோ புஹோல். புஹோலிடம் பாரிஸில் கற்றவர் நிக்கோலா. ஆக ப்ரோவர் தாரெகாவுக்கு நான்காம் தலைமுறை. நிக்கோலாவின் தாயார் கிளாரா ரொமேரோவும் கிட்டார் ஆசிரியர். கியூபாவில் அந்த வாத்தியத்தை முறையாகக் கற்பிக்கத் தொடங்கியதில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு. நிக்கோலா தன் மாணவனுக்கு விரல் பழக்கத்தோடு நானூறு ஆண்டு கிட்டார் இசையையும், கிட்டாரின் மூதாதையான விஹுவேலாவின் இசையையும் அறிமுகம் செய்தார். என்னென்ன இருக்கிறது என்று தெரிந்த பிறகுதானே என்னென்ன இல்லை என்பதும் தெரியும்! பட்டியல் பிறந்தது அங்கேதான்.

1956 முதலே படைப்புகள் வரத் தொடங்கின. 1957இல் எழுதிய 'டான்சா கரக்தெரிஸ்தீக்கா' என்ற சிறு நடனம் இன்றும் மேடைகளில் வாசிக்கப்படுகிறது. அதற்குள் இருப்பது ஹவானாவின் தெருத் திருவிழாவில் கூட்டமாக ஆடிக்கொண்டு வருபவர்கள் பாடும் ஒரு வரியின் மெட்டு. 'நடைபாதையை விட்டு விலகு' என்பது அந்தப் பாட்டின் பொருள். பதினெட்டு வயதில் ஒருவன் செவ்வியல் கிட்டார் மேடையைப் பார்த்து இப்படி எழுதியிருக்கிறான்!

தகிட தகிட தக

இங்கே கொஞ்சம் நின்று கியூபாவின் தாளத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அது பிடிபடாமல் ப்ரோவர் பிடிபட மாட்டார்.

ஸ்பெயின்காரர்கள் அந்தத் தீவுக்குக் கிட்டாரைக் கொண்டுவந்தார்கள். கரும்புத் தோட்டங்களில் உழைப்பதற்காக ஆப்பிரிக்காவிலிருந்து கப்பல் கப்பலாக அடிமைகளையும் கொண்டுவந்தார்கள். அந்த மக்கள் தங்கள் தெய்வங்களையும் தெய்வங்களை அழைக்கும் பறைகளின் தாளத்தையும் நெஞ்சில் சுமந்து வந்தார்கள். யொரூபா மக்களின் பாதா முரசுகள் இன்றும் கியூபாவில் சடங்குகளில் ஒலிக்கின்றன. தந்தியும் தோலும் ஒரே தெருவில் குடியிருந்ததால் பிறந்ததுதான் கியூப இசை.

அதில் அடிக்கடி வரும் தாளக் கட்டு ஒன்று உண்டு. எட்டு அட்சரத்தை மூன்று, மூன்று, இரண்டு என்று பிரிப்பது. 'ட்ரெசீயோ' என்பார்கள். நாம் 'தகிட தகிட தக' என்று சொன்னால் முடிந்தது. கையைத் தட்டிச் சொல்லிப் பாருங்கள். நேரான நான்கு அடியின் மேல் அது சரிந்து சரிந்து விழுவது தெரியும். ப்ரோவரின் எந்தக் காலத்துப் படைப்பை எடுத்தாலும், மெட்டே இல்லாத நவீனப் படைப்பானாலும், இந்தச் சரிவு அடியில் எங்காவது ஓடிக்கொண்டிருக்கும். அதுவரை செவ்வியல் கிட்டார் என்றாலே ஸ்பெயினின் நிலா முற்றம்தான் நினைவுக்கு வரும். மேடையை ஆண்ட செகோவியா அந்த அழகியலைத் தாண்டிப் போக விரும்பாதவர். ப்ரோவர் கிட்டாரின் அடித்தந்திகளைப் பறையாக நினைத்தார். ஒரே சுரத்தை விடாமல் தட்டுவது, திடீரென்று நிறுத்துவது, எதிர்பாராத இடத்தில் அழுத்தம் கொடுப்பது என்று அவருடைய கை வேறு பழக்கத்தில் போனது.

1959இல் அமெரிக்காவுக்குப் படிக்கப் போனார். நியூயார்க்கின் ஜூலியார்ட் பள்ளியில் வின்சென்ட் பெர்சிகெட்டி, ஸ்டெஃபான் வோல்ப்பெ ஆகியோரிடம் பாடம். ஹார்ட்ஃபர்டிலும் கொஞ்ச காலம். அதே ஆண்டின் முதல் நாள்தான் கியூபாவில் புரட்சி வென்றிருந்தது. இரண்டு நாடுகளுக்கும் இடையே உறவு கசந்துகொண்டே போக, இளைஞர் படிப்பை நீட்டிக்காமல் ஊர் திரும்பினார்.

திரைக்குப் பின்னால் ஒரு பள்ளிக்கூடம்

புரட்சி நடந்து மூன்றே மாதத்தில் கியூபாவில் ஒரு திரைப்பட நிறுவனம் தொடங்கப்பட்டது. கியூபாவின் சினிமாவை அறிந்தவர்களுக்கு அதன் முக்கியத்துவம் தெரியும். 1960இல் அதன் இசைப் பிரிவுக்கு ப்ரோவர் பொறுப்பேற்றார். அப்போது அவருக்கு வயது இருபத்தொன்று.

அந்த மேசையிலிருந்து அவர் இசையமைத்த படங்களில் சிலவற்றின் பெயரைச் சொன்னாலே போதும்: தோமாஸ் குத்தியேரெஸ் அலேயாவின் 'ஓர் அதிகாரியின் மரணம்' (1966), 'பின்தங்கிய நிலையின் நினைவுகள்' (1968), 'கடைசி விருந்து' (1976), ஹும்பெர்தோ சோலாஸின் 'லூசியா' (1968). திரைப்படச் சங்கங்களில் உட்கார்ந்து படம் பார்த்த தலைமுறைக்கு இவை பழகிய பெயர்கள். 'லூசியா' மூன்று காலகட்டங்களில் மூன்று பெண்களின் கதை. 1895, 1932, பிறகு 1960கள். ஒரே படத்துக்குள் மூன்று காலத்தின் காதுகளோடு இசையமைக்க வேண்டும். பின்னர் மெக்சிகோவின் 'சாக்லேட்டுக்குக் கொதிநீர் போல' (1992) படத்துக்கும் இசை தந்தார். உலகெங்கும் ஓடிய படம் அது.

சினிமா வேலையைச் சிலர் அவருடைய பக்கத் தொழிலாகப் பார்க்கிறார்கள். நான் மாறுபடுகிறேன். காட்சிக்குக் காட்சி கடிகாரம் வைத்து எழுதுகிறவனுக்கு ஒரு நிமிடத்தில் எவ்வளவு சொல்லலாம் என்பது தெரிந்துவிடும். ப்ரோவரின் கிட்டார்ப் படைப்புகள் பெரும்பாலும் சுருக்கமானவை, வளவளப்பு இல்லாதவை. அந்தச் சிக்கனத்தைக் கற்றுக்கொடுத்ததில் படத்தொகுப்பு மேசைக்கும் பங்கு இருக்க வேண்டும். சோலாஸ் 1972இல் எடுத்த 'நவம்பரில் ஒரு நாள்' படத்துக்கு அவர் போட்ட மெட்டு, தனிக் கிட்டார் வடிவில் இன்று உலகம் முழுக்க வாசிக்கப்படுகிறது. படத்தைப் பார்த்தவர்கள் சொற்பம். மெட்டைக் கேட்டவர்கள் ஏராளம்.

இந்தக் காலத்தின் நடுவே இன்னொரு கதவு திறந்தது. 1961இல் போலந்தில், 'வார்சா இலையுதிர் காலம்' என்ற நவீன இசை விழாவுக்கு ப்ரோவர் போனார். ஹிரோஷிமாவில் மடிந்தவர்களுக்காக 52 தந்தி வாத்தியங்களைக் கொண்டு பெண்டெரெட்ஸ்கி எழுதிய ஓலத்தை அங்கே கேட்டார். மெட்டு இல்லை, ராக அமைப்பு போன்ற எதுவும் இல்லை. ஒலித்திரள்கள் எழுந்து உரசி அடங்குகின்றன. கேட்ட இளைஞர் மாறிப்போனார். ஊர் திரும்பி ஹுவான் பிளாங்கோ, கார்லோஸ் ஃபரின்யாஸ் ஆகியோரோடு சேர்ந்து கியூபாவின் நவீன இசை இயக்கத்தைக் கட்டினார். சோவியத் நாட்டில் இப்படிப்பட்ட இசைக்கு அதிகாரிகளின் முகச்சுளிப்புத்தான் கிடைத்தது. கியூபாவில் அப்போது அதற்கு இடம் இருந்தது. அந்த இடத்தை இவர்கள் முழுதாகப் பயன்படுத்திக்கொண்டார்கள்.

கிட்டாரில் அந்தக் காலத்தின் உச்சம் 1971இல் எழுதிய 'லா எஸ்பிரால் எத்தெர்னா'. முடிவில்லாச் சுருள் என்று பொருள். அருகருகே ஒட்டியிருக்கும் மூன்றே சுரங்களில் தொடங்குகிறது. விரல்கள் அவற்றையே சுற்றிச் சுற்றி மீட்ட, சுரங்கள் ஒன்றில் ஒன்று கரைந்து தேனீக்கூட்டம் போல ரீங்கரிக்கின்றன. வட்டம் கொஞ்சம் கொஞ்சமாக விரிகிறது. எத்தனை முறை சுற்ற வேண்டும் என்பதைச் சில இடங்களில் வாசிப்பவரிடமே விட்டுவிடுகிறார். நம் மேடையில் மனோதர்மம் என்போமே, அதற்குப் பக்கத்தில் வரும் சுதந்திரம் அது. ஓரிடத்தில் மீட்டுவதையே நிறுத்திவிட்டு, இரண்டு கை விரல்களாலும் கிட்டாரின் கழுத்தைத் தட்டச் சொல்கிறார். சங்கின் சுருளும் விண்மீன் மண்டலத்தின் சுருளும் ஒரே வடிவம் என்ற வியப்பிலிருந்து பிறந்த படைப்பு. முதல் முறை கேட்பவருக்கு அதிர்ச்சியாகத்தான் இருக்கும். எனக்கும் இருந்தது. மூன்றாவது முறை கேட்டபோதுதான் அதன் கட்டுக்கோப்பு பிடிபட்டது.

ஜெர்மன் இசையமைப்பாளர் ஹான்ஸ் வெர்னர் ஹென்ஸெ 'எல் சிமரோன்' எழுதியபோது, 1970இல் இங்கிலாந்தின் ஆல்டெபர்க் விழாவில் நடந்த முதல் அரங்கேற்றத்தில் கிட்டார் வாசித்தது ப்ரோவர்தான். தோட்டத்திலிருந்து தப்பிக் காட்டில் ஒளிந்து வாழ்ந்த எஸ்தேபான் மொன்தெஹோ என்ற கியூப அடிமையின் வாழ்க்கை அது. மிகெல் பார்னெட் அவரிடம் கேட்டு எழுதிய நூலிலிருந்து எடுத்தது. பாடகர் ஒருவர், புல்லாங்குழல், தாள வாத்தியங்கள், கிட்டார். நான்கே பேர்.

பாட்டுக்காரப் பிள்ளைகள்

அவருடைய வாழ்க்கையில் எனக்கு மிகவும் நெருக்கமான பகுதி இனித்தான் வருகிறது. 1960களின் பிற்பகுதியில் ஹவானாவில் கிட்டாரும் கையுமாகச் சில இளைஞர்கள் பாடிக்கொண்டிருந்தார்கள். தலைமுடி நீளம், பாட்டில் கேள்விகள், பீட்டில்ஸ் வாசனை. அதிகார வட்டாரங்களில் பலருக்கு இவர்களைப் பிடிக்கவில்லை, சந்தேகமாகப் பார்த்தார்கள். 1969இல் திரைப்பட நிறுவனத்துக்குள்ளேயே 'ஒலிச் சோதனைக் குழு' என்ற ஒன்றைத் தொடங்கி, அவர்களை உள்ளே அழைத்தார்கள். வழிநடத்தியவர் ப்ரோவர்.

உள்ளே வந்தவர்கள் யார்? சில்வியோ ரொத்ரிகெஸ், பாப்லோ மிலானெஸ், நோயெல் நிக்கோலா, பிறகு சாரா கொன்சாலெஸ். ஸ்பானிஷ் பேசும் உலகத்தில் பாட்டுக் கேட்கிற யாரிடமும் இந்தப் பெயர்களைச் சொல்லிப் பாருங்கள். 'நுவேவா த்ரோவா' என்ற புதிய பாட்டியக்கத்தின் தூண்கள் இவர்கள். இதில் நோயெல் நிக்கோலா, ப்ரோவரின் ஆசிரியர் ஐசக் நிக்கோலாவின் மகன். குருவிடம் பெற்றதைக் குருவின் பிள்ளைக்கே திருப்பிக் கொடுக்கும் பேறு எத்தனை பேருக்கு வாய்க்கும்!

அங்கே அவர்களுக்கு சுர எழுத்தும் ஒத்திசைவும் வாத்தியங்களுக்குப் பிரித்து எழுதும் முறையும் கற்பிக்கப்பட்டன. ஜாஸ் வாசித்தவர்களும் ராக் வாசித்தவர்களும் செவ்வியல் படித்தவர்களும் ஒரே அறையில் உட்கார்ந்து ஆவணப்படங்களுக்கு இசை தயாரித்தார்கள். காதால் பாடிக்கொண்டிருந்தவர்கள் தாளில் எழுதக் கற்றுக்கொண்டார்கள். ப்ரோவர் அவர்களுடைய பாட்டைச் செவ்வியலாக மாற்ற முயலவில்லை. அவர்கள் பாட்டு அவர்களுடையதாகவே இருந்தது. இன்னும் அதிகமாகச் சொல்லத் தேவையான கருவிகளைக் கொடுத்தார். அவர் அரசின் நிறுவனத்தில் அரசின் சம்பளத்தில் வேலை பார்த்தவர், அதன் வசதிகளை அனுபவித்தவர். அதை மறைத்து எழுத வேண்டியதில்லை. அந்த நாற்காலியில் இருந்துகொண்டு அவர் செய்த காரியம் இது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை.

நடுவிரல்

1980களின் தொடக்கத்தில் அவருடைய வலக்கை நடுவிரலின் தசைநாண் பழுதாயிற்று. கிட்டார்க்காரனுக்கு வலக்கையில் மீட்டும் விரல்கள் நான்கு. நடுவிரல் போனால் வேக வரிசைகள் போயின, நாதத்தின் சமநிலை போயிற்று. மேடைக் கலைஞராக அவருடைய வாழ்க்கை அங்கே முடிந்தது. டாய்ச்ச கிராமஃபோன், எராத்தோ போன்ற நிறுவனங்களில் இசைத்தட்டு பதிவு செய்தவர். நாற்பதைத் தாண்டி அதிக நாள் ஆகவில்லை.

அவருடைய மிகச் சிறந்த படைப்புகள் என்று நான் கருதுவனவற்றில் பாதி இந்தக் காலத்துக்குப் பிறகு வந்தவை. இதை ஆறுதலுக்காகச் சொல்லவில்லை. முன்பு தன் கைக்காக எழுதினார். இப்போது மற்றவர்களின் கைகளுக்காக எழுதத் தொடங்கினார். அமெரிக்கக் கலைஞர் ஷேரன் இஸ்பினுக்கு 'கறுப்பு டெக்கமெரான்' (1981). ஆங்கிலேயர் ஜூலியன் பிரீமுக்குச் சோக கன்செர்ட்டோவும் 1990இல் ஒரு சொனாட்டாவும். ஜான் வில்லியம்ஸுக்கு டொரண்டோ கன்செர்ட்டோ (1987). ஹாலிவுட் இசையமைப்பாளர் வேறு, இவர் மெல்போர்னில் பிறந்த கிட்டார் மேதை. பிரீமின் சொனாட்டாவில் பேத்தோவன் சோலர் பாதிரியாரைப் பார்க்க வருகிறார், பஸ்குவீனியின் குயில் கூவுகிறது. மூன்று நூற்றாண்டுகள் ஒரே வீட்டுத் திண்ணையில் பேசிக்கொண்டிருப்பது போல இருக்கும்.

நடையும் மாறியது. நவீன இசையில் இறுக்கம் இருக்கிறது, அதைத் தளர்த்தும் ஓய்வு இல்லை. பகலுக்குப் பின் இரவு வருவது போல இசையிலும் வர வேண்டும் என்ற கருத்துப்பட அவர் பேசியிருக்கிறார். மெட்டு திரும்பி வந்தது. ஆனால் பழைய வீட்டுக்கு அப்படியே திரும்பி வரவில்லை. வார்சாவில் கற்ற ஒலிநுட்பமெல்லாம் கூடவே வந்தது.

அதற்கு ஒரே ஒரு சான்று கேட்டால், 1984இல் நான்கு கிட்டார்களுக்கு எழுதிய 'மழையோடு ஒரு கியூப நிலக்காட்சி'யைக் காட்டுவேன். முதலில் ஒரு துளி. சற்று விட்டு, வேறொரு கிட்டாரிலிருந்து இன்னொரு துளி. கூரையில் விழுவதா இலையில் விழுவதா என்று காது தேடுகிறது. துளிகள் நெருங்குகின்றன, நான்கு கிட்டாரும் ஒன்றன் மேல் ஒன்றாகப் பின்னிக்கொள்கின்றன, தாளம் ஊறி வருகிறது. பிறகு அடைமழை. அந்த இடத்தில் எழுதிய சுரங்களின் பிடி தளர்ந்து, தந்திகளைச் சுண்டி மரத்தில் அறையவிடுகிறார்கள். கரிபியக் கடல் மழையின் அந்த முரட்டுத்தனம் அப்படியே காதில் இறங்குகிறது. பிறகு வெறிக்கிறது. கடைசியில் மீண்டும் சொட்டு, சொட்டு. சுருளில் கற்ற வித்தை அத்தனையும் இதில் இருக்கிறது. ஆனால் இசை தெரியாத ஒரு குழந்தைகூட, இது மழை என்று சொல்லிவிடும்.

'கறுப்பு டெக்கமெரா'னின் கதையும் சொல்ல வேண்டிய கதை. ஜெர்மானியர் லியோ ஃப்ரோபெனியுஸ் ஆப்பிரிக்காவில் திரட்டிய கதைகளிலிருந்து எடுத்தது. ஒரு மாவீரன், யாழ் வாசிக்க ஆசைப்படுகிறான். வீரர் குலத்தில் பிறந்தவன் பாணனின் வேலையைச் செய்வதா என்று குலத்தார் அவனைத் துரத்திவிடுகிறார்கள். அவன் மலைக்குப் போய்விடுகிறான். குலம் போர் தவறாமல் தோற்கிறது. வந்து கெஞ்சுகிறார்கள். அவன் இறங்கி வந்து, போரை வென்று கொடுத்துவிட்டு, மறுபடியும் யாழை எடுத்துக்கொண்டு மலையேறிவிடுகிறான். மூன்று பகுதிகளில், சொல் இல்லாமல், ஒரே கிட்டாரில் இந்தக் கதை. நடுப்பகுதியில் காதலர்கள் எதிரொலிப் பள்ளத்தாக்கு வழியே தப்பியோடுகிறார்கள். உரக்க வாசித்த சொற்றொடர் அடுத்த நொடியில் மெல்லத் திரும்பி வருகிறது. ஓர் ஆள்தான் வாசிக்கிறார் என்பதை நம்ப முடிவதில்லை.

எல்லாமே உயர்ந்ததா?

இல்லை. பத்துக்கு மேற்பட்ட கன்செர்ட்டோக்களில் சில ஒன்றையொன்று ஒத்திருக்கின்றன. விழா நடத்தும் நகரங்கள் கேட்க, எழுதிக் கொடுத்த சுவடு சிலவற்றில் தெரிகிறது. டொரண்டோ கன்செர்ட்டோவில் இருக்கும் இறுக்கம் பின்னால் வந்த எல்லாவற்றிலும் இல்லை. பீட்டில்ஸின் ஏழு பாடல்களைக் கிட்டாருக்கும் தந்தி ஆர்கெஸ்ட்ராவுக்கும் மாற்றி எழுதியதை, செவ்வியல்காரர்களில் சிலர் இனிப்புப் பண்டம் என்று ஒதுக்குகிறார்கள். அதில் மட்டும் நான் ப்ரோவர் பக்கம். 1960களில் கியூபாவின் அதிகாரபூர்வ வானொலிக்குப் பிடிக்காதிருந்த பாடல்கள் அவை. ஹவானாவின் வெதாதோ பகுதிப் பூங்காவில் ஜான் லெனனுக்குச் சிலை எழுந்தது 2000ஆம் ஆண்டில்தான். அதற்குப் பல ஆண்டுகள் முன்பே ப்ரோவர் அந்தப் பாடல்களைக் கச்சேரி மேடைக்குக் கொண்டுவந்துவிட்டார்.

இதில் அவருக்கு ஒரு கூட்டாளியும் உண்டு. ஜப்பானின் தோரு தகெமிட்ஸு. அவரும் ஏராளமான படங்களுக்கு இசையமைத்தவர், அவரும் பீட்டில்ஸ் பாடல்களைத் தனிக் கிட்டாருக்கு எழுதியவர், அவரும் மௌனத்தின் மதிப்பு தெரிந்தவர். 1996இல் தகெமிட்ஸு மறைந்தபோது ப்ரோவர் எழுதிய அஞ்சலிக்கு 'ஹிக்கா' என்று ஜப்பானிய மொழியிலேயே பெயரிட்டார். இரங்கற்பா என்று பொருள்.

1980களில் கியூபாவின் தேசிய சிம்ஃபனி ஆர்கெஸ்ட்ராவை நடத்தினார். ஹவானாவில் 1982இல் பன்னாட்டுக் கிட்டார் விழாவைத் தொடங்கினார். 1992இல் ஸ்பெயினின் கோர்தோபா நகரில் புதிய ஆர்கெஸ்ட்ரா ஒன்று உருவானபோது அதன் முதல் நடத்துனராகி, 2001 வரை இருந்தார். கியூபாவின் தேசிய இசைப் பரிசு 1999இல் வந்தது. ஸ்பானிஷ் உலகின் பெரிய இசை விருதான தோமாஸ் லூயிஸ் தெ விக்தோரியா பரிசு 2010இல். விருதுப் பட்டியல் இதோடு போதும்.

சின்னப் பாடங்கள்

இத்தனையிலும் உலகத்தில் அதிகக் கைகள் பட்டது எது தெரியுமா? 'எஸ்தூதியோஸ் சென்சீயோஸ்', அதாவது எளிய பயிற்சிகள் இருபது. முதல் பத்தை 1960களின் தொடக்கத்திலும் அடுத்த பத்தை 1980களின் தொடக்கத்திலும் எழுதினார். சில ஒரு பக்கம்கூடத் தாண்டாது. உலகம் முழுக்கக் கிட்டார்த் தேர்வுப் பாடத்திட்டங்களில் இவை இடம்பெறுகின்றன. லண்டன் ட்ரினிட்டி தேர்வுக்காகச் சென்னையில் கிட்டார் கற்கும் பிள்ளைகளும் இந்தப் பெயரைத் தங்கள் புத்தகத்தில் பார்த்திருப்பார்கள்.

பயிற்சிப் பாடம் என்றால் நம் நினைவுக்கு வருவது விரலுக்கு உடற்பயிற்சி. மனதுக்கு அங்கே வேலை இருக்காது. ப்ரோவர் அந்தத் தட்டையும் காலியாகத்தான் பார்த்தார்: தொடக்க நிலைப் பிள்ளைக்கு, அவனுடைய நூற்றாண்டின் இசை ஏன் இல்லை? முதல் பயிற்சியில் மெட்டு முழுவதும் கட்டைவிரலிடம். மேல் தந்திகள் கூடவே தட்டிக்கொண்டிருக்க, அடித்தந்திகள் பாடுகின்றன. இரண்டாவது, தேவாலயத்தில் பலர் சேர்ந்து பாடுவது போல மெதுவாக நகர்வது. ஐந்தாவதற்கு 'மொந்துனோ' என்று பெயர். கியூபாவின் ஆட்டப் பாட்டில் பல்லவி சுழன்று சுழன்று வரும் பகுதியின் பெயர் அது. ஆறாவதில் ஒரே விரலடைவு மாறாமல் ஓட, உள்ளே ஒத்திசைவு நிறம் மாறிக்கொண்டே இருக்கும். ஆறு மாதம் கற்ற பிள்ளைகூடச் சிலவற்றை வாசித்துவிடலாம். பெரிய கலைஞர்களும் மேடையில் வாசிக்கிறார்கள். 2001இல் இன்னும் பத்து புதிய பயிற்சிகள் சேர்த்தார். ஒவ்வொன்றும் முன்னோர் ஒருவருக்கு வணக்கம்: சோர், தாரெகா, தெபூஸி, ஸ்ட்ராவின்ஸ்கி, வில்லா-லோபோஸ், பியாசோலா. பதினேழு வயதில் எந்த ஸ்ட்ராவின்ஸ்கி கிட்டாருக்கு எழுதவில்லை என்று குறைப்பட்டாரோ, அவர் பெயரிலேயே அறுபத்திரண்டு வயதில் பிள்ளைகளுக்கு ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தார்.

ப்ரோவரைக் கேட்கத் தொடங்க விரும்புகிறவர்கள் 'நவம்பரில் ஒரு நாள்' மெட்டில் தொடங்கி, நான்கு கிட்டார் மழைக்கு வந்து, அதன் பிறகு முடிவில்லாச் சுருளுக்குப் போங்கள். வரிசையை மாற்றினால் கதவு சாத்திக்கொள்ளும். உங்கள் வீட்டில் பிள்ளை யாராவது கிட்டார் கற்றுக்கொண்டிருந்தால், ப்ரோவரின் முதல் பயிற்சி வரும் வாரத்தில், பாடமாயிற்றே என்று எழுந்து போய்விடாமல் பக்கத்தில் ஐந்து நிமிடம் உட்காருங்கள். கட்டைவிரல் வாசிப்பதை மட்டும் கவனியுங்கள். மெட்டு அங்கேதான் இருக்கிறது.